ரைப் அட்லஸ் ப்ரோப் ரிவ்யூ: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுல ஓசியில ஓடுற குட்டி பொட்டி

முதல்லயே சொல்லிடறேன், இந்த ப்ரோப், அதாவது ரவுட்டர்ல செருகி வெச்சு இன்டர்நெட்ட அளக்குற பொட்டி, ஸ்பீட் டெஸ்ட் பொட்டி கிடையாது. 10 ஜிபிபிஎஸ் பிளான் போட்டிருக்கோம், நிஜமாவே 10 வருதான்னு பாத்துடணும்னு நெனைக்கிறவங்க இத்தோட நிறுத்திக்கலாம், ஏன்னா என்கிட்ட இருக்குற மாடல்ல நெட்வொர்க் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் தான், அதுக்கு மேல அதுக்கு தேவையும் இல்ல. உங்க வீட்டுலேர்ந்து ஒரு எடத்துக்கு பாக்கெட் (சின்ன டேட்டா துண்டு) போயிட்டு வர எவ்ளோ நேரம் ஆகுது, எந்த வழியா போகுது, நடுவுல தொலையுதா, வெப்சைட் பேரைச் சொன்னா அதோட அட்ரஸ சொல்ற டிஎன்எஸ் ஒழுங்கா பதில் சொல்லுதா, இதைத்தான் இது அளக்கும். அதுவும் உங்களுக்காக மட்டும் இல்ல, உலகத்துல யார் கேட்டாலும் அளந்து குடுக்கும்.

ரைப் என்சிசின்னு ஆம்ஸ்டர்டாம்ல ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு இருக்கு. ஐரோப்பா, மத்திய கிழக்கு, மத்திய ஆசியா பக்கம் ஐபி அட்ரஸ் பிரிச்சு குடுக்குறது அவங்க தான், நம்ம சிங்கப்பூருக்கு அதே வேலைய பாக்குறது பிரிஸ்பேன்ல இருக்குற ஏப்நிக். இந்த ரைப் காரங்க 2010ல ஆரம்பிச்சது தான் அட்லஸ். ஐடியா ரொம்ப சிம்பிள். சின்னச் சின்ன பொட்டிய உலகம் பூரா ஆளுங்க வீட்டுலயும் ஆபீஸ்லயும் சும்மா செருகி வைக்கச் சொல்லணும், எல்லாம் சேந்து இன்டர்நெட்ட அளக்கணும், ரிசல்ட்ட பொதுவுல போடணும். இப்ப 12,000க்கு மேல ப்ரோப் ஓடுது. ஐரோப்பா அமைப்பு ஆச்சே, நாம வெக்கலாமான்னு ஒரு சந்தேகம் வரும், தாராளமா வெக்கலாம், எந்த நாடா இருந்தாலும் சரி.

என்னோடது மூணாவது தலைமுறை ப்ரோப். கூட வேலை பாத்த ஒருத்தர் ஊருக்கே திரும்பிப் போறப்ப குடுத்துட்டுப் போனாரு, ஓனர்ஷிப்ப அக்கவுண்ட்ல மாத்திக்க வழி இருக்கு. பாத்தா ஒண்ணுமில்ல, டிபி-லிங்க் எம்ஆர்3020ன்னு ஒரு பழைய குட்டி டிராவல் ரவுட்டர், உள்ள இருக்குற சாஃப்ட்வேர எடுத்துட்டு அவங்களோடத போட்டு, பக்கத்துல ஒரு யூஎஸ்பி ஸ்டிக் செருகியிருக்காங்க. உள்ளங்கையில அடங்கிடும். ரவுட்டர்லேர்ந்து ஒரு லேன் ஒயர், பவருக்கு ஒரு யூஎஸ்பி ஒயர், அவ்ளோதான். ரவுட்டர் செட்டிங்ல போர்ட் எதையும் தொறந்து விட வேணாம், அதுவா வெளியில 443ங்கிற போர்ட் நம்பர் வழியா ரைப்போட கன்ட்ரோலரோட பேசிக்கும். எங்க வீட்டுல ஃபைபர் டெர்மினேஷன் பாயிண்ட் ஷூ கேபினட் மேல வர்றதால ரவுட்டர், ஓஎன்டி (ஃபைபர் வந்து சேர்ற கம்பெனி பொட்டி) எல்லாம் அங்கயே இருக்கு, அதுங்களுக்கு பக்கத்துல இதுவும் உக்காந்துருக்கு. சூடாகாது, சத்தம் வராது, பில்லுல தெரியவும் தெரியாது.

செருகின உடனே அது பாட்டுக்கு வேலைய ஆரம்பிச்சிடும். பாக்கெட் போற வழியில இருக்குற ஒவ்வொரு கருவியும் ஒரு ஹாப். முதல் ஹாப், அதாவது நம்ம சொந்த ரவுட்டரு, அடுத்து ரெண்டாவது ஹாப், பெரும்பாலும் இன்டர்நெட் கம்பெனியோட முதல் கருவி, இது ரெண்டையும் பிங் பண்ணிட்டே இருக்கும், அதாவது ஒரு பாக்கெட் அனுப்பி பதில் வர்ற நேரத்தை அளக்கும். அப்புறம் டிஎன்எஸ்ஸுக்கே உச்சியில இருக்குற ரூட் சர்வர், ஏ முதல் எம் வரைக்கும் 13 எழுத்து இருக்கே, அதுங்களுக்கு பிங், ட்ரேஸ்ரூட் (போற வழிய ஹாப் ஹாப்பா காட்டுறது), டிஎன்எஸ் கேள்வி எல்லாம் போகும். அந்த 13ல கே ரூட்ட நடத்துறதும் இதே ரைப் தான். ஒரு எழுத்துக்கு ஒரு சர்வர்னு இல்ல, ஒரே அட்ரஸ்ல உலகம் பூரா நிறைய எடத்துல வெச்சிருப்பாங்க, அதனால ஒரு எழுத்து சிங்கப்பூர்லேர்ந்தே ரெண்டு மில்லிசெகண்ட்ல பதில் சொல்லும், இன்னொண்ணு நம்ம கம்பெனி செஞ்சு வெச்ச ரூட்டிங் புண்ணியத்துல எங்கயோ போயிட்டு வரும். ப்ரோப் பக்கத்துல அந்த வரிசைய சும்மா ஒரு தடவை பாத்தாலே நம்ம கம்பெனி எவ்ளோ அக்கறையா கனெக்ஷன் வெச்சிருக்குன்னு ஓரளவு புரிஞ்சிடும்.

எனக்கு தினசரி உபயோகம்னா அந்த முதல் ரெண்டு ஹாப் கிராஃப் தான். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுல சத்தம் வரும், "என்னங்க நெட்டு, சுத்திக்கிட்டே இருக்கு"ன்னு. முன்னாடியெல்லாம் வைஃபையா, ரவுட்டரா, கம்பெனியான்னு தெரியாம ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருப்போம். இப்ப போன எடுத்து கிராஃப பாப்பேன். ப்ரோப் ஒயர்ல இருக்கு, அதனால அதுல வைஃபை கதையே கிடையாது. முதல் ஹாப் அரை மில்லிசெகண்ட்ல கோடு போட்ட மாதிரி நேரா இருந்து, ரெண்டாவது ஹாப் வழக்கமான ரெண்டு மூணுலேர்ந்து நாப்பது அம்பதுக்கு எகிறி நடுநடுவுல பாக்கெட்டும் காணாம போச்சுன்னா தப்பு வீட்டுல இல்ல. ரெண்டுமே நல்லா இருந்தா பையன் அவனோட ரூம்ல கதவ சாத்திக்கிட்டு வைஃபைல விளையாடிட்டு இருக்கான்னு அர்த்தம், அதுக்கு ஹால்லேர்ந்து ஒயர் இழுத்தா தான் ஆச்சு.

இன்னொண்ணு, கனெக்ஷன் ஹிஸ்டரி. ப்ரோப் எப்போ தொடர்புல இருந்துச்சு, எப்போ அறுந்துச்சுன்னு பதிவு இருக்கும், ரொம்ப நேரம் ஆஃப் ஆச்சுன்னா மெயிலும் வரும். விடிகாலை மெயின்டனன்ஸ்னு கம்பெனிக்காரன் சொல்லாம பண்றதெல்லாம் இதுல மாட்டிக்கும். என்ன, யாராச்சும் அயர்ன் பாக்ஸுக்காக எக்ஸ்டென்ஷன்லேர்ந்து பிளக்க உருவினாலும் அதுவும் மெயிலா வந்துடும், ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு வீட்டுல சட்டை தேய்க்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்.

சரி, இதெல்லாம் ராஸ்பெர்ரி பைங்கிற ஒரு குட்டி கம்ப்யூட்டர்ல பிங் ஸ்க்ரிப்ட் எழுதினாலும் கிடைக்குமேன்னு கேப்பீங்க. கிடைக்கும். அட்லஸோட நிஜமான மதிப்பு நம்ம பொட்டியில இல்ல, மத்தவங்க பொட்டிய நாம கடன் வாங்கி ஓட்டலாம்ங்கிறதுல தான் இருக்கு. அதை இப்ப சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இன்டர்நெட்னா பாதி, ஊருக்கு வீடியோ கால் தான். கும்பகோணத்துல இருக்குற அம்மாகிட்ட பேசினா சாயங்காலம் ஆனா போதும், குரல் தாமதமாவே வரும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுவோம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிறுத்துவோம். இங்க என் இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போட்டா ஸ்பீட் டெஸ்ட் எடுங்க சார்னாங்க. எடுத்தேன், 900 எம்பிபிஎஸ்க்கு மேல. "பாத்தீங்களா சார், உங்க லைன் சூப்பரா இருக்கு". அந்த டெஸ்ட் சர்வர் அவங்க நெட்வொர்க்குக்குள்ளயே இருக்கு, சூப்பரா இல்லாம வேற எப்படி இருக்கும்!

கணக்கு என்னன்னா, ஃபைபருக்குள்ள ஒளி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 2,00,000 கிலோமீட்டர் போகும். சிங்கப்பூர்லேர்ந்து சென்னைக்கு கடலுக்கடியில நேரா கேபிள் இருக்கு, ஐ2ஐ, டாடாவோட டிஐசி மாதிரி, ஒவ்வொண்ணும் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லிசெகண்ட், வர 16, ஆக 32. மேல கீழ கொஞ்சம் சேத்து 40 வரைக்கும் நியாயம். ஊர்ப்பக்கம் பிங் போட்டா எனக்கு வந்தது 230 மில்லிசெகண்டுக்கு மேல. 230ல போயிட்டு வர்ற தூரம்னா அது சென்னைக்கு நேரா போற பாதையே இல்ல, அது யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், பௌதிகம்னு ஒண்ணு இருக்கு.

ஆனா என் பக்கத்துலேர்ந்து ட்ரேஸ்ரூட் போட்டா ஒண்ணும் தெரியல. சிங்கப்பூர்ல ரெண்டு மூணு ஹாப், அதுக்கடுத்தது சென்னை பேர் வெச்ச ரவுட்டர், ஆனா நேரம் மட்டும் அந்த எடத்துல திடீர்னு 200ஐ தாண்டுது. இங்க தான் நிறைய பேர் குழம்புவாங்க. ட்ரேஸ்ரூட் காட்டுறது போற வழி மட்டும் தான், பதில் எந்த வழியா திரும்பி வருதுன்னு அது சொல்லவே சொல்லாது. போறது ஒரு கம்பெனி முடிவு பண்ற பாதை, வர்றது இன்னொரு கம்பெனி முடிவு பண்ற பாதை, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. தேக்காவுக்கு எம்ஆர்டி ரயில்ல நேரா போயிட்டு திரும்பும்போது எல்லை தாண்டி மலேசியா ஜோகூர் சுத்தி வீட்டுக்கு வர்ற மாதிரி.

திரும்பி வர்ற வழிய பாக்கணும்னா அந்தப் பக்கத்துலேர்ந்து யாராச்சும் நம்மள நோக்கி ட்ரேஸ்ரூட் போடணும். அம்மாகிட்ட கமாண்ட் ப்ராம்ப்ட தொறங்கன்னு சொல்ல முடியுமா. அட்லஸ்ல முடியும், புதுசா ஒரு அளவை, அதாவது மெஷர்மென்ட், உருவாக்குற பக்கத்துல நாடு இந்தியா, அம்மா வீட்டு இன்டர்நெட் கம்பெனியோட ஏஎஸ் நம்பர் (ஒரு நெட்வொர்க்கோட அடையாள எண்) இதுன்னு குடுத்தேன், சென்னைல அதே நெட்வொர்க்ல ஒரு ப்ரோப் இருந்துச்சு, யார் வீட்டுதோ தெரியாது, நல்லா இருக்கட்டும். அங்கேர்ந்து என் வீட்டு ஐபிக்கு ட்ரேஸ்ரூட். கொஞ்ச நேரத்துல ரிசல்ட். சென்னை, மும்பை, அப்புறம் ஹாப் பேர்ல எம்ஆர்எஸ்னு வருது, அது மார்சேய், பிரான்ஸ். அங்கேர்ந்து லண்டன். அப்புறம் தான் சிங்கப்பூர். பாதை வங்காள விரிகுடாவ தாண்டாம செங்கடல், மத்திய தரைக்கடல்னு சுத்திட்டு வருது. சுத்தி முடிச்சு வர்றதுக்கு 230 ஆகாம என்ன ஆகும்.

அந்த ரிசல்ட் லிங்க எடுத்து இங்க என் கம்பெனிக்கு அனுப்பினேன். முதல் பதில், ஓஎன்டிய அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. சரி, இவங்கள விட்டா ஆகாதுன்னு நெட்வொர்க் டீமுக்கு அனுப்பச் சொல்லி விடாம நச்சரிச்சேன், யாரோ விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட போய்ச் சேந்திருக்கு போல, அவரு எழுதின பதில் ரெண்டே வரி, எங்க ரூட்ட அந்தப் பக்கம் எப்படி எடுத்துக்குறாங்கன்னு பாக்குறோம்னு. அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லல. நான் தொடர்ந்து ஓடுற மாதிரி போட்டு வெச்ச பிங் கிராஃப்ல ஒரு நாள் விடிகாலை கோடு 230லேர்ந்து செங்குத்தா 45க்கு எறங்கி நிக்குது. அம்மா "இப்ப தெளிவா இருக்குப்பா, புது போனா?"ன்னு கேட்டாங்க.

ஒரு எச்சரிக்கை, இதை படிச்சுட்டு உடனே ட்ரேஸ்ரூட்ல எங்க நட்சத்திரம் வந்தாலும் அங்க பழுதுன்னு சண்டைக்கு போயிடாதீங்க. நடுவுல இருக்குற ரவுட்டர் பதில் சொல்லாம இருக்கலாம், மெதுவா சொல்லலாம், அதுக்கு நம்ம பாக்கெட்ட தள்ளிவிடுறது தான் முக்கியம், நம்மகிட்ட பேசுறது இல்ல. ஒரு ஹாப்ல ஏறின நேரம் கடைசி வரைக்கும் அப்படியே இருந்தா மட்டும் தான் விஷயம். நிறைய வீட்டு ரவுட்டர் வெளியிலேர்ந்து வர்ற பிங்குக்கு பதிலே சொல்லாது, சிஜிநாட், அதாவது பல வீட்டுக்கு ஒரே ஐபிய பங்கு போட்டுக் குடுக்குற ஏற்பாடு, அதுக்குப் பின்னாடி இருக்குற வீடுன்னா தனி ஐபியே கிடையாது, அப்ப உங்க வீட்டுக்கு பதிலா கம்பெனியோட ஏதாவது பக்கத்து ஐபிய குறிவெச்சா தான் பாதி தூரமாச்சும் தெரியும்.

மத்தவங்க ப்ரோப்ப ஓட்டுறதுக்கு காசு கிடையாது, கிரெடிட். உங்க பொட்டி தொடர்புல இருக்குற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் 15 கிரெடிட், நாள் பூரா ஓடினா 21,600. செலவுன்னு பாத்தா சாதாரண பிங் ஒண்ணுக்கு 3, ட்ரேஸ்ரூட்டுக்கு 30, ஒரே தடவை ஓட்டுற அளவைன்னா அதுக்கு ரெண்டு மடங்கு. ஒரு நாள் வருமானத்துல நூத்துக்கணக்குல ட்ரேஸ்ரூட் போடலாம். வீட்டு ஆளுக்கு இது தீரவே தீராது. நம்மகிட்ட சேந்து கிடக்குறத இன்னொருத்தருக்கு மாத்தியும் விடலாம், காலேஜ்ல ப்ராஜெக்ட் பண்ற பசங்களுக்கு நான் விட்டிருக்கேன்.

குறைன்னு பாத்தா முதல் இடம் அந்த யூஎஸ்பி ஸ்டிக்குக்கு தான். நாள் பூரா எழுதி எழுதி தேஞ்சு போகும், ஒரு நாள் ப்ரோப் செத்த மாதிரி ஆயிடும், லைட் எரியும் ஆனா ஆஃப்லைன்னு காட்டும். என்னோடதும் அப்படி ஆச்சு. ஸ்டிக்க உருவிட்டு பவர் குடுத்து, ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு, ஓடிட்டு இருக்கும்போதே ஸ்டிக்க திரும்ப செருகணும், அது அழிச்சு மறுபடி எழுதிக்கும். எனக்கு அது கேக்கல, பழைய ஸ்டிக் ஒரேயடியா போயிருந்துச்சு, சிம் லிம் ஸ்குவேர்ல சில வெள்ளிக்கு ஒரு சின்ன ஸ்டிக் வாங்கி போட்டதும் எழுந்து உக்காந்துடுச்சு. அடுத்த தலைமுறைலேர்ந்து ஸ்டிக் கதை கிடையாது, நாலாவது நேனோபைங்கிற குட்டி போர்டுல வந்துச்சு, அஞ்சாவது செக் நாட்டு டூரிஸ் மோக்ஸ வெச்சு செஞ்சது.

வெப்சைட்டு இன்ஜினியருங்க இன்ஜினியருங்களுக்காக செஞ்சது, அவ்ளோ தான் சொல்லுவேன். அளவைய உருவாக்குற ஃபார்ம பாத்தா வரி கட்டுற ஃபார்ம் தேவலாம்னு தோணும். ஆனா பழகிட்டா ட்ரேஸ்மான்னு ஒண்ணு இருக்கு, நிறைய ட்ரேஸ்ரூட்ட ஒரே படமா வரைஞ்சு காட்டும், அது அருமை. டெர்மினல்ல வேலை பாக்குறவங்களுக்கு மகெல்லன்னு ஒரு டூல் குடுத்திருக்காங்க, நான் பெரும்பாலும் அதுலயே முடிச்சுக்குவேன்.

பெரிய குறை, அதாவது அட்லஸ வெச்சு ஆராய்ச்சி பண்றவங்களே சொல்ற குறை, ப்ரோப் இருக்குற எடம் சமமா இல்ல. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்துல எல்லாம் மேப் கறுப்பா தெரியுற அளவுக்கு அப்பிக் கிடக்கு. இந்தியாவோட மக்கள் தொகைக்கு அங்க இருக்குறது சொற்பம், தமிழ்நாட்டுல சென்னைய விட்டு வெளிய வந்தா தேடித் தேடிப் பாக்கணும். வெக்குறவங்களும் நம்மள மாதிரி நெட்வொர்க் பைத்தியம் புடிச்சவங்களா இருக்காங்க, நல்ல ஃபைபர் உள்ள வீடா பாத்து இருக்கு. போன் டேட்டாவ மட்டுமே நம்பி இருக்குற ஊர்க்காரங்க அனுபவம் இதுல அவ்ளோவா வராது. அதனால தான் ஊருக்குப் போறப்ப அண்ணன் வீட்டுல ஒண்ணு வெச்சிட்டு வரணும்னு இருக்கேன்.

பாதுகாப்பு பத்தி வீட்டுல கேட்டாங்க, நியாயமான கேள்வி. இது நம்ம வீட்டு ட்ராஃபிக்க கேக்குறது இல்ல, பாக்குறதும் இல்ல, தானா கேள்வி அனுப்பி பதில் வாங்குறது மட்டும் தான். ஆனா யாரோ முன்பின் தெரியாதவங்க குடுக்குற அளவை நம்ம ஐபிலேர்ந்து போகும்ங்கிறது உண்மை. வெப்பக்கத்தை எடுக்குற அளவைய அட்லஸ்ல ஆங்கர்னு சொல்ற பெரிய மெஷினுங்கள நோக்கி மட்டும் தான் அனுப்ப விடுறாங்க, கண்ட சைட்டையும் நம்ம வீட்டுலேர்ந்து தொறக்க விடுறது இல்ல, அது நல்ல முடிவு. டிஎன்எஸ் கேள்வி எந்த பேருக்கும் போகலாம், அது மனசுக்கு ஒத்துக்கலன்னா வெக்காதீங்க. மேப்ல காட்டுற எடத்தை கொஞ்சம் தள்ளித்தான் காட்டுவாங்க, எந்த புளோக்குன்னு தெரியாது, ஆனா ப்ரோப்ப பொதுன்னு டிக் பண்ணினா ஐபி தெரியும். எச்சரிக்கையா இருக்கணும்னா கெஸ்ட் நெட்வொர்க் இல்லன்னா தனி விஎல்ஏஎன்ல (வீட்டுக்குள்ளயே பிரிச்சு வெச்ச நெட்வொர்க்) போட்டு விட்டுடுங்க, நான் அப்படித்தான் போட்டிருக்கேன்.

இதால ஊருக்கு என்ன லாபம்னு கேட்டா, 2024 நவம்பர்ல பால்டிக் கடல்ல ரெண்டு கேபிள் அறுந்துச்சே, பின்லாந்து ஜெர்மனி நடுவுல ஒண்ணு, சுவீடன் லிதுவேனியா நடுவுல ஒண்ணு, ஒரே கூச்சலா இருந்துச்சு. அட்லஸ் ஆங்கருங்க ஒண்ண ஒண்ணு எந்நேரமும் அளந்துக்கிட்டே இருக்கும், அந்த டேட்டாவ எடுத்துப் பாத்து, சில பாதைல தாமதம் கூடிச்சு, ஆனா பாக்கெட் பெருசா தொலையல, ட்ராஃபிக் வேற வழியா சுத்திப் போயிடுச்சுன்னு ரைப் காரங்களே காட்டினாங்க. 2025 செப்டம்பர்ல ஜெட்டா பக்கம் எஸ்எம்டபிள்யூ4, ஐமீவீ கேபிளுங்க போனப்பவும் அப்படித்தான், ரெண்டுமே இந்தியாவ தொட்டு ஐரோப்பா போறது, அதுல எஸ்எம்டபிள்யூ4 நம்ம துவாஸ்லேர்ந்தே கெளம்புது. வாட்சப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்தப்ப, ஐரோப்பாவுக்கு பாதை எப்படி மாறுதுன்னு நான் நேரா பாத்துக்கிட்டு இருந்தேன். கேபிள் அறுந்தத யார் வேணா சொல்லலாம், அதால எனக்கு என்ன ஆச்சுன்னு பாக்க இந்த மாதிரி ஒண்ணு வேணும்.

கையில பொட்டி வேணும்னா வெப்சைட்ல விண்ணப்பம் போடணும், இலவசம் தான், ஆனா ஏற்கெனவே ப்ரோப் நெறஞ்ச நெட்வொர்க்ல இருக்குறவங்களுக்கு கிடைக்கிறது கஷ்டம், சிங்கப்பூர்ல பெரிய கம்பெனி லைன் வெச்சிருக்குறவங்க ரொம்ப எதிர்பாக்காதீங்க. பரவால்ல, 2020லேர்ந்து சாஃப்ட்வேர் ப்ரோப் இருக்கு. டெபியன் லினக்ஸ் ஓடுற பழைய மெஷின், ராஸ்பெர்ரி பை, ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர் எதுல வேணா போடலாம், கிரெடிட்டும் வரும். 24 மணி நேரமும் ஓடுற மெஷினா இருக்கணும், லேப்டாப்ல போட்டு மூடி மூடி தொறந்தா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. இவ்ளோ வம்பு வேணாம், அப்பப்ப ஒரு ட்ரேஸ்ரூட் போட்டா போதும்னா குளோபல்பிங்னு ஒண்ணு இருக்கு, அதுவும் தன்னார்வலருங்க நடத்துற ப்ரோப் தான், அக்கவுண்ட் கூட இல்லாம ப்ரவுசர்லயே உலகத்துல பல ஊர்லேர்ந்து பிங் போட விடுது. ஆனா பழைய டேட்டாவ வருஷக்கணக்குல பின்னாடி போய் பாக்குற வசதி அட்லஸ்ல தான்.

ஸ்டார் குடுக்கணும்னா அஞ்சுக்கு நாலரை, அந்த அரை யூஎஸ்பி ஸ்டிக்குக்கும் ஃபார்முக்கும் சேத்து. வீட்டுல ப்ரோப் இல்லாம ஊர்ப்பக்கம் பாதைய ஒரு தடவை அளந்து பாக்கணும்னு நெனைக்கிறவங்க கேளுங்க, ரைப் அக்கவுண்ட் தொறந்து அந்த மெயில் ஐடிய எனக்கு தனியா அனுப்பினா கொஞ்சம் கிரெடிட் தள்ளி விடுறேன், என்கிட்ட கோடிக்கணக்குல சும்மா தூங்குது.